பயத்தை அளக்கும் சுண்டு

(நூற்றாண்டு விழாவின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே கொள்ளைநோயைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்தச் சங்கம் கண்ட நூறு ஆண்டுகளுக்குள் 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் இருக்கிறது. ஏறத்தாழ 80,000 பேரை அது இந்த நாட்டில் கொண்டுபோனது. பெயரைச் சொல்லவே பயந்து "அம்மாள்" என்று எங்கள் அம்மம்மாமார் அழைத்த பெரியம்மையும் இருக்கிறது. 1980 இல்தான் அது உலகத்தை விட்டுப் போனதாக அறிவித்தார்கள். கடைசியாக 2020. அந்த ஆண்டில் இப்பாடசாலை மண்டபம் பூட்டிக் கிடந்ததை இங்கே இருக்கிற எல்லோரும் அறிவோம்.

எங்களில் ஒருவர் தாதியருக்குக் கற்பிப்பவர், மற்றவர் புள்ளிவிபரவியல் படித்தவர். உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். ஆகையால் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

பேச எடுத்துக்கொண்ட விடயம் சிறியது. ஒருவருடைய பயத்தை எண்ணாக மாற்ற முடியுமா? மாற்றினால், ஈரானில் இருக்கிற ஒருவருடைய 20 உம் யப்பானில் இருக்கிற ஒருவருடைய 20 உம் ஒன்றுதானா?

2020 பெப்ரவரி 19 அன்று ஈரானின் கும் நகரில் அந்நாட்டின் முதல் கொவிட் தொற்றாளர்கள் அறிவிக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் முடிவதற்குள் ஈரான், ஹொங்கொங், பிரித்தானியா ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆறு ஆய்வாளர்கள் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டுவிட்டார்கள். கொவிட்-19 அச்ச அளவுகோல் என்பது அதன் பெயர். பயங்களைப் பற்றி முன்னரே இருந்த வினாக்கொத்துகளைத் தேடிப் படித்து 28 வாசகங்களைத் திரட்டினார்கள். நிபுணர்களிடம் காட்டி, மக்களிடம் கேட்டு, கழித்துக் கழித்து ஏழில் நிறுத்தினார்கள். 717 ஈரானியர் அதற்கு விடையளித்தார்கள்.

அந்த ஏழும் கேட்பவை இவைதான். இந்த நோய்க்கு மிகவும் பயப்படுகிறீர்களா, அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறதா, உள்ளங்கை வியர்க்கிறதா, உயிர் போய்விடுமோ என்று அஞ்சுகிறீர்களா, சமூக ஊடகங்களில் அதைப் பற்றிய செய்திகளைப் பார்த்தால் பதற்றம் வருகிறதா, நித்திரை கெடுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 1 இலிருந்து 5 வரை புள்ளி. அறவே இல்லை என்பவர் 7 பெறுவார், எல்லாம் முழுமையாக உண்டு என்பவர் 35 பெறுவார். இப்படி ஐந்து படியில் விடை கேட்கும் முறை 1932 இல் லிக்கேட் என்ற அமெரிக்கர் தந்தது. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள்.

சில மாதங்களுக்குள் அந்த ஏழு வாசகங்களும் வங்காளம், துருக்கியம், அரபு, இத்தாலியம், எபிரேயம், யப்பானியம் என்று மொழி மொழியாகப் பயணம் செய்தன. காரணம் விளங்கக்கூடியது. ஊரடங்கில் யாரும் யாருடைய வீட்டுக்கும் போய்க் கேட்க முடியாது. கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அவசர காலத்தில் அவசரமாகச் செய்த கருவி என்று அதை நாங்கள் குறைசொல்ல வரவில்லை. வீடு எரியும்போது வாளி அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆனால் தீ அணைந்த பிறகு அந்த வாளி எவ்வளவு தண்ணீர் பிடித்தது என்று பார்க்கலாம்தானே.

நாங்கள் இருவரும் ஒரு பயிற்சியாக அந்த ஏழையும் எங்கள் ஊர்த் தமிழில் சொல்லிப் பார்த்தோம். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை பல வாரம் இழுத்தது.

முதலாவது சிக்கல் "வருத்தம்". நமக்கு வருத்தம் என்றால் நோய். "அவவுக்குச் சரியான வருத்தம், ஆஸ்பத்திரியிலே வைச்சிருக்கினம்" என்போம். சென்னையில் அதே சொல்லைச் சொன்னால் அவர்களுக்கு மனக்கவலை என்றுதான் விளங்கும். "இந்த நோயை நினைத்தால் வருத்தமாக இருக்கிறதா" என்று சென்னையில் எழுதிய வாசகத்தை வடமராட்சியில் ஒரு தாயிடம் கொடுத்தால், எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லைப் பிள்ளை என்று விடை வரும். "யோசனை" என்பதும் அப்படித்தான். "ஒரே யோசினையாக் கிடக்கு" என்று நம்மவர் சொல்வது சிந்தனையை அல்ல, நித்திரையைக் கெடுக்கிற கவலையை. பிள்ளை "வெருண்டு போச்சு" என்றால் அது ஒரு வகைப் பயம், "பயந்தாங்கொள்ளி" என்பது இன்னொரு வகை. நம் உளமருத்துவர்கள் எழுதும் "பதகளிப்பு" என்ற நல்ல சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு மொழிக்கு ஒரு மொழிபெயர்ப்பு என்ற கணக்கே பிழை. ஹற்றனுக்கும் காத்தான்குடிக்கும் கரவெட்டிக்கும் ஒரே தாளைக் கொடுக்க முடியுமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு, திருப்பி மொழிபெயர்த்தல். 1970 இல் பிறிஸ்லின் என்பவர் வகுத்துக் கொடுத்த முறை. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்புவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்தால் சரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "என் இதயம் ஓடுகிறது" என்று யாராவது சொல்லுக்குச் சொல் எழுதிவிட்டால், திருப்பும்போது அது மூலத்தோடு அச்சொட்டாகப் பொருந்தும். எந்தத் தமிழ்ப் பெண்ணும் அப்படிச் சொல்லமாட்டாள் என்பதை அந்தப் பரிசோதனை கண்டுபிடிக்காது. "நெஞ்சு பக்குப்பக்கு எண்டு அடிக்குது" என்று சரியாக எழுதியவருடைய தாளோ திரும்பி வரும்போது சற்று விலகி நிற்கும், அவருக்குப் புள்ளி குறையும். மோசமான மொழிபெயர்ப்புக்குப் பரிசு கொடுக்கும் முறை என்று நாங்கள் இதைச் சொல்வதுண்டு. எங்கள் தமிழ் ரீச்சர் இருந்திருந்தால் சிவப்பு மையால் கோடு கிழித்திருப்பா.

உள்ளங்கை வியர்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் ஒருவருக்கு உள்ளங்கை ஈரமானால் அதற்கு உள்ளே ஏதோ காரணம் இருக்க வேண்டும். சித்திரை மாதம், மின்சாரமும் இல்லை, மட்டக்களப்பில் ஒருவருடைய உள்ளங்கை வியர்த்தால் கொரோனாவையா குற்றம் சொல்வது?

நெஞ்சைப் பற்றி ஒரு செய்தி. இந்த அளவுகோல் பிறந்த ஈரானில், 1970களின் முற்பகுதியில் மராகே என்ற ஊரில் தங்கி ஆய்வு செய்த பைரன் குட் என்ற மானிடவியலாளர் 1977 இல் ஒரு கட்டுரை எழுதினார். அவ்வூர்ப் பெண்கள் "இதய வேதனை" என்று சொல்லி வைத்தியரிடம் வருகிறார்கள். வைத்தியர் இதயத்தைச் சோதிக்கிறார். அந்தப் பெண்ணுக்கோ அந்த ஒரு சொல்லுக்குள் கணவனோடு சண்டை, பிள்ளைப்பேறு, முதுமை, வறுமை, யாரோ ஒருவரின் மரணம் எல்லாம் அடங்கியிருக்கிறது. எங்கள் பெண்களின் "நெஞ்சு பத்தி எரியுது" என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரு தேசத்திலும் நெஞ்சு வெறும் தசை அல்ல. வேறு சில இடங்களில் அது பெரும்பாலும் தசை மட்டுமே. அப்படியிருக்க, நெஞ்சு படபடக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு எல்லா நாட்டிலும் ஒரே எடை கொடுக்கலாமா? எபிரேய மொழியில் இந்த அளவுகோலைச் சோதித்தபோது ஏழும் ஒரே கொத்தாக நிற்கவில்லை. மனம் சொல்லும் நான்கு ஒரு பக்கமும், உடம்பு சொல்லும் மூன்று (வியர்வை, நித்திரை, நெஞ்சு) மறுபக்கமும் பிரிந்தன. மனத்துயரை உடம்பால் சொல்லும் நமது மக்களிடம் இது எப்படிப் பிரியும் என்பது எங்களுக்கு மிகவும் ஆவலான கேள்வி.

அடுத்தது, எங்கள் இருவரையும் அதிகம் யோசிக்க வைத்த "நான்". ஏழு வாசகமும் நான், எனக்கு, என் என்றே போகின்றன. உங்கள் வீட்டு எழுபது வயதுப் பெரியம்மாவிடம் "உங்கட உயிர் போயிடுமோ எண்டு பயமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன பிள்ளை, நான் வாழ்ந்து முடிச்சிட்டன். பேரப்பிள்ளையளுக்கு வந்திடக் கூடாது" என்பார். தாளில் அவருக்கு 1 புள்ளி விழும். அதாவது அறவே பயமில்லை. அந்தப் பெரியம்மா ரொறன்ரோவில் உள்ள மகள் வைத்தியசாலை வேலைக்குப் போய்த் திரும்பி அழைப்பு எடுக்கும் வரை சாப்பிடாமல் இருந்தவர்.

இதை நாங்கள் மட்டும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நெதர்லாந்தின் மெர்ட்டன்ஸ் குழுவினர் 2020 மார்ச் 14 முதல் 17 வரை 28 நாடுகளைச் சேர்ந்த 439 பேரிடம் இணையத்தில் கேட்டார்கள். தன் உடல்நலக் கவலையும் ஊடகப் பாவனையும் மட்டுமல்லாமல், அன்புக்குரியவர்களுக்கு ஆபத்து என்ற எண்ணமும் பயத்தோடு சேர்ந்து நின்றது. இத்தாலியின் ஷிமென்ரியும் அவருடைய சகாக்களும் இன்னும் ஒரு படி போய், தன் உடம்பைப் பற்றிய பயம், நெருங்கியவர்களைப் பற்றிய பயம், தெரியாமை பற்றிய பயம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்துவிடுவோமோ என்ற பயம் என்று வகுத்து எட்டு வாசகங்களில் வேறொரு அளவுகோல் செய்தார்கள். எங்கள் எண்ணத்தில் நமது மக்களுக்கு இதுவே கிட்டியது. தமிழில் "நாம்" என்றும் "நாங்கள்" என்றும் இரண்டு பன்மை வைத்திருக்கிறோம். வினாக்கொத்துக்காரரோ இரண்டையும் விட்டுவிட்டு "நான்" ஒன்றோடு வருகிறார்.

சமூக ஊடகம் பற்றிய கேள்வியும் வேடிக்கையானது. முகநூலே இல்லாத ஒருவர் அதற்கு என்ன புள்ளி போடுவது? அவருக்கு வானொலியில் வரும் மரண அறிவித்தல்தான் நெஞ்சை அடிக்க வைத்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் அக்காமார் அந்த ஆண்டு எத்தனை மரண அறிவித்தல்களைத் தொலைபேசித் திரையில் வாசித்தார்கள், எத்தனை செத்தவீட்டைக் கணினியில் பார்த்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது சுண்டுக்கு வருவோம். எங்கள் வீடுகளில் அரிசி அளக்க ரின்பால் பேணிதான் சுண்டு. எனது வீட்டில் மூன்று சுண்டு, உங்கள் வீட்டில் மூன்று சுண்டு என்றால் அரிசி சமனா? முதலில் இரண்டும் பேணியாக இருக்க வேண்டும், ஒன்று பேணியும் மற்றது சுளகுமாக இருக்கக்கூடாது. இரண்டாவது, இரண்டு பேணியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மூன்றாவது, ஒன்றின் அடி நெளிந்து மேலே எழும்பியிருக்கக்கூடாது. எழும்பியிருந்தால் வாய்வரை நிரப்பினாலும் அரிசி குறைவு. புள்ளிவிபரவியலில் அளவீட்டு மாறாமை என்று ஒரு முழு அத்தியாயமாகக் கற்பிப்பது இதைத்தான். மூன்றாவது சோதனையும் தேறிய பிறகே இரண்டு நாட்டின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுத உரிமை வருகிறது.

கொவிட் அச்ச அளவுகோலை இந்தச் சோதனைக்கு உட்படுத்தியவர்களும் அதை உருவாக்கியவர்களில் சிலர்தான். அந்த நேர்மையை நாங்கள் மெச்சுகிறோம். பங்களாதேஷ், பாகிஸ்தான், ஈரான், யப்பான், தாய்வான், நியூசிலாந்து, பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி, பிரேசில், கியூபா என்று 11 நாடுகளில் 9,772 பேரின் விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2021 இல் வெளியிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் பேணி நெளியவில்லை. வயதுக்கு வயது சிறிய நெளிவு. நாட்டுக்கு நாடு பல வாசகங்கள் வேறு வேறாக நடந்துகொண்டன. அதாவது ஒரே அளவு பயம் உள்ள இருவர், நாடு வேறு என்பதாலேயே ஒரு வாசகத்துக்கு வெவ்வேறு புள்ளி போட்டிருக்கிறார்கள். இதை அறிந்த பிறகும் நாடுகளை வரிசைப்படுத்தி அட்டவணை போடுவது எங்களுக்கு ஒப்பாது. கிரேக்கத்தில் 16.5 என்ற எல்லையைப் பிரேரித்தார்கள், அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று. அது கிரேக்கருக்குப் பயன்படட்டும். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து வவுனியாவில் யாருக்கு உளவளத்துணை, யாருக்கு வேண்டாம் என்று பிரித்தால் பாதிக்கப்படப்போவது உண்மையான மனிதர்கள்.

கேட்ட கேள்விகளைப் பற்றியே இதுவரை பேசினோம். கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மண்டபத்தில் நம்மோடு படித்த முஸ்லிம் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2020 மார்ச் இறுதியில் கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரிக்கவே வேண்டும் என்று இந்த நாட்டில் முடிவெடுத்தார்கள். ஏப்ரல் 11 இல் அது வர்த்தமானியில் வந்தது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த டிசம்பரில் 20 நாள் குழந்தை ஒன்றைத் தகனம் செய்தார்கள். பொரளை மயானத்தின் கம்பிக் கதவில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் உத்தரவு மாறியது. மார்ச் 5 இல் ஓட்டமாவடியில் முதல் நல்லடக்கங்கள் நடந்தன. ஏறத்தாழ பதினொரு மாதம்.

அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு முஸ்லிம் தாய் எதற்குப் பயந்தாள்? வைரஸுக்கும் பயந்திருப்பாள்தான். ஆனால் தன்னுடைய ஜனாஸா தொழுகையும் கபனும் இல்லாமல் நெருப்புக்குப் போய்விடுமோ என்ற பயம் அவளை இருமலையும் காய்ச்சலையும் மறைக்க வைத்திருக்கும், வைத்தியசாலை வாசலுக்கே போகவிடாமல் வைத்திருக்கும். ஏழு கேள்வித் தாளில் அதற்கு இடமில்லை. அவள் எல்லாவற்றுக்கும் 5 போட்டால், அறியாமையால் நோய்க்கு அளவுக்கு மிஞ்சிப் பயப்படுகிறாள் என்று வாசிப்பார்கள். 2 போட்டால் பயமே இல்லாத, அதனால் விதிமுறைகளை மதிக்காத சமூகம் என்று வாசிப்பார்கள். இரண்டு வாசிப்பும் அவளுக்குச் செய்யும் அநியாயம். அந்நாட்களில் ஒரு சமூகத்தையே நோய்காவிகள் போலப் பேசியதை நாம் எல்லோரும் கேட்டோம்.

வடக்கிலும் ஒரு வகை இருந்தது. தனிமைப்படுத்தல் நிலையங்களை இராணுவம் நடத்தியது. ஒழுங்காகவே நடத்தினார்கள் என்று போய் வந்த பலர் சொன்னார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் சீருடையோடு ஒரு வாகனம் வந்து ஒழுங்கைக்குள் நின்று வீட்டிலுள்ள ஒருவரை ஏற்றிக்கொண்டு போவது என்பது, முன்பு ஒரு முறை அப்படிப் போனவர் திரும்பாத ஒரு வீட்டில் என்ன பொருள் தரும்? அந்த வீட்டில் நெஞ்சு படபடத்ததை எந்த வைரஸின் கணக்கில் எழுதுவது?

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது, அதை இந்த நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பின்னர் வெளிநாட்டு உளவியலாளர்கள் தத்தம் வினாக்கொத்துகளோடு இங்கே வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். கலாநிதி காயத்திரி பெர்னாண்டோ வேறு வழியில் போனார். பெருந்துயரைக் கண்ட இலங்கை மக்களிடம், அதற்குப் பின் நன்றாக இருக்கிறவர்களைப் பற்றியும் நன்றாக இல்லாதவர்களைப் பற்றியும் கதை சொல்லச் சொன்னார். அந்தக் கதைகளிலிருந்து மக்கள் பாவித்த சொற்களை எடுத்து வாசகங்கள் அமைத்தார். 2008 இல் அது வெளிவந்தது. மக்கள் மனத்தை மட்டும் தனியே பிரித்துச் சொல்லவில்லை. குடும்பத்தில், ஊரில் தன் பங்கைச் செய்ய முடியாமல் போவதையே துன்பம் என்று சொன்னார்கள். அளவுகோல் என்றால் இப்படிக் கீழேயிருந்து முளைக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. காலம் எடுக்கும், உண்மைதான். அடுத்த கொள்ளைநோய் வருவதற்கு முன்னர் செய்து வைத்தால் நேரம் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஏழு வாசகங்களைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஒரே ஊரில், ஒரே மக்களிடம், மார்ச்சில் ஒரு தடவையும் ஆகஸ்டில் ஒரு தடவையும் கேட்டால் பயம் ஏறியதா இறங்கியதா என்பதை அது சொல்லக்கூடும். பயம் எல்லாமே நோயும் அல்ல. பிரித்தானியாவில் இதே அளவுகோலைப் பாவித்த ஓர் ஆய்வில், கை கழுவுவதையும் விலகி நிற்பதையும் முன்கூட்டிச் சொன்னது அரசியல் நிலைப்பாடு அல்ல, பயம்தான். அளவான பயம் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது.

செயற்குழுவின் அனுமதியோடு உங்கள் கதிரைகளில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். முன்பக்கத்தில் அந்த ஏழு விடயங்களையும் நாங்கள் சொல்லிப் பார்த்த தமிழ் இருக்கிறது. உங்கள் ஊரில், உங்கள் அம்மா, அம்மம்மா, உம்மும்மா அதை எப்படிச் சொல்வார் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுங்கள். மலையகத்திலிருந்து வந்தவர்கள், புத்தளத்தவர்கள், தீவகத்தவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். லண்டனிலும் சிட்னியிலும் பிறந்த உங்கள் பிள்ளைகள் எந்த மொழியில் சொல்வார்களோ அதை அப்படியே எழுதலாம். பின்பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: 2020 இல் உங்களுக்கு எது பயமாக இருந்தது? அதற்குப் புள்ளி இல்லை, கட்டம் இல்லை, பெயரும் வேண்டாம். தேநீர் இடைவேளையில் வாசலில் உள்ள மேசையில் கொடுத்துவிடுங்கள். மலரில் இதை வாசிப்பவர்கள் சங்கத்தின் முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம்.